ஒரே வாரிசும் இரண்டு கேப்டன்களும்

நாகலாபுரம்
12.02.2025

தங்கை ஸ்டெல்லாமேரிக்கு அண்ணன் இஸ்ரவேல் எழுதுவது.

இங்கே நான், உன் மதினி ரூபி, மகள் ஆஸ்லின் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீ எங்கே இருக்கிறாய் என்பதுதான் விளங்கவில்லை.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். "இனிமே எதுன்னாலும் எழுத்துல குடுங்க, பேசிட்டு மாத்திப் பேசுதீங்க" என்று பொங்கலுக்கு மறுநாள் சொன்னாய். கூடப் பிறந்தவனிடமே எழுத்தில் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாய். இருக்கட்டும். பேனா பிடித்துப் பத்து வருஷம் ஆகிறது, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் அப்பாவின் நாலு ஏக்கர் பற்றி. ஊருக்குக் கிழக்கே எல்லோரும் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். சுற்றிலும் கம்பிவேலி, நடுவில் நம் புஞ்சை. போன வருஷம் உளுந்து போட்டேன். காட்டுப்பன்றி தின்றது போக மிஞ்சியதை மழை அழுக வைத்தது. இனி நான் குட்டியானை வண்டியை ஓட்டுவதா, பன்றி விரட்டுவதா? கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கம்பெனி வக்கீல் உன்னிடமிருந்து ஒரு தாள் கேட்கிறார். விடுதலைப் பத்திரம் என்று பெயர். ஒன்றுமில்லை, சும்மா ஒரு முறைக்குத்தான். நகல் வைத்திருக்கிறேன். ரோமில் நம் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பு.

இன்னொன்று. இத்தாலியில் கன்னியர் மடத்தில் இருப்பதாகச் சொன்னவள், இப்போது வேறு நாடு என்கிறாய். சான் மரினோ என்று ஒரு நாடு இருப்பதாக எங்கள் தபால்காரி முத்துசெல்விக்கே தெரியவில்லை. கயத்தாறில் ஒருத்தனை இப்படித்தான் இல்லாத கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பினார்கள், தெரியுமல்லவா? போட்டோ அனுப்பாதே. போட்டோவை இப்போது எப்படி வேண்டுமானாலும் செய்கிறார்கள். தபாலில் பதில் போடு. அந்த நாட்டுத் தபால்தலையை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இஸ்ரவேல்

*

சான் மரினோ
14.03.2025

அண்ணனுக்கு,

உறையில் மூன்று தபால்தலை ஒட்டியிருக்கிறேன். ஒன்றே போதும். மற்ற இரண்டும் உங்கள் சந்தேகத்துக்காக. முத்துசெல்வி அக்காளை முத்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாடு உண்மையிலேயே இருக்கிறது. நாலு பக்கமும் இத்தாலி, நடுவில் ஒரு மலை, அதுதான் நாடு. கோவில்பட்டி டவுனில் இருக்கிற ஜனத்தில் பாதிகூட இந்த நாடு முழுவதும் இல்லை. ராஜா கிடையாது. ஜனாதிபதி கிடையாது. அறுபது பேர் கொண்ட ஒரு சபை இருக்கிறது. அந்தச் சபை இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும். அவர்களுக்குக் கேப்டன்கள் என்று பெயர். இரண்டு பேரும் சேர்ந்துதான் நாட்டுக்குத் தலைவர். ஆறு மாதம்தான் பதவி. ஒருவர் செய்வதை மற்றவர் வேண்டாம் என்றால் அது நடக்காது. எழுநூறு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் நடக்கிறதாம்.

நான் பார்த்துக்கொள்கிற அம்மாளின் பெயர் ஆல்பா. வயது எண்பத்தாறு. பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவர், முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை கேப்டனாக இருந்திருக்கிறார். அவரோடு சேர்ந்து பதவியில் இருந்தவர் ரினால்தோ, எதிர்க்கட்சிக்காரர். வியாழக்கிழமைதோறும் சீட்டாட வருவார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் சீட்டுக்கட்டை ஆளுக்கொரு தடவை சரிபார்ப்பார்கள்.

அம்மாளுக்கு இப்போது நினைவு கொஞ்சம் தடுமாறுகிறது. பதவி முடிந்ததை மறந்துவிடுகிறார். மாத்திரை கொடுத்தால், "இன்னொரு கையெழுத்து எங்கே?" என்று கேட்கிறார். அதனால் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். காலை மாத்திரை, என் கையெழுத்து, அவர் கையெழுத்து. ஜன்னலைத் திறக்க, இரண்டு கையெழுத்து. சூப்பில் உப்புக் குறைக்க டாக்டர் சொன்னார், அதற்கு மட்டும் இன்னும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் நகல் கிடைத்தது. நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறீர்கள். அது மதினி போட்டது, எனக்குத் தெரியும். சும்மா ஒரு முறைக்கு என்றால் இத்தனை பக்கம் எதற்கு? நிதானமாக வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஸ்டெல்லாமேரி

*

நாகலாபுரம்
07.04.2025

ஸ்டெல்லாவுக்கு,

முத்துசெல்வி முத்திரையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நம் செல்வகணேஷ் வாத்தியார் உலகப் படத்தில் தேடிக் காட்டினார். ஒரு புள்ளிதான் இருக்கிறது. நாடு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நீ அங்கே என்ன செய்கிறாய் என்பதுதான் கேள்வி.

இரண்டு தலை வைத்து ஒரு நாடு நடக்கிறது என்கிறாய். எங்கள் வீட்டில் நானும் ரூபியும் இருக்கிறோம், ஒரு மிளகாய் மூட்டையை எந்தக் கடைக்குப் போடுவது என்று தீர்மானிப்பதற்குள் விலை இறங்கிவிடுகிறது. ஆறு மாதத்தில் பதவி போய்விடும் என்றால் எவன் வேலை செய்வான்? பஞ்சாயத்துத் தலைவர்கூட முதல் ஒரு வருஷம் சால்வை வாங்கி முடிக்கத்தான் சரியாக இருக்கிறது. நாட்டுக்கே தலைவியாக இருந்த அம்மாளுக்குச் சோறு ஊட்ட நாகலாபுரத்திலிருந்து ஒருத்தி போக வேண்டியிருக்கிறதாம். போலீஸ் இல்லையா, கார் இல்லையா, கட்சிக்காரன் இல்லையா?

நான் பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவன், ஆனால் குருடன் இல்லை. நான் பார்த்தது மூன்று. மடத்துச் சகோதரிகள் மடத்தில் இருப்பார்கள், ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், பள்ளியில் இருப்பார்கள். ஒரு வீட்டில் தனியாகப் போய் எந்தச் சகோதரி தங்கி வேலை பார்க்கிறாள்? இது ஒன்று. இரண்டாவது, பதினெட்டு வயதிலிருந்து நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் சேசு மரி சூசை என்று போட்டிருப்பாய். இந்தக் கடிதத்தில் இல்லை. மூன்றாவது, ஆஸ்லின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய போட்டோ நெற்றியோடு வெட்டுப்பட்டிருந்தது. தலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நாங்கள் பார்க்கக் கூடாதோ?

பதில் சொன்னால் சொல், சொல்லாவிட்டால் போ. பத்திரத்தை மட்டும் சீக்கிரம் அனுப்பு. வக்கீல் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார்.

இஸ்ரவேல்

*

சான் மரினோ
09.05.2025

அண்ணனுக்கு,

ஏப்ரல் ஒன்றாம் தேதி இங்கே பழைய கேப்டன்கள் இறங்கிப் புதியவர்கள் ஏறினார்கள். ஆல்பா அம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனேன். கறுப்பு உடுப்பு, மேளம், கொடி, காவல்காரர்கள் என்று ஊர்வலம். நம் சப்பர ஊர்வலத்தைவிடச் சின்னதுதான். இறங்கியவர்களை அடுத்த வாரம் கடைத்தெருவில் சாதாரணமாகப் பார்க்கலாம், ஒருவரும் எழுந்து நிற்க மாட்டார்கள். இறங்கியவர் மூன்று வருஷத்துக்கு மறுபடி அந்தப் பதவிக்கு வர முடியாது.

நீங்கள் எவன் வேலை செய்வான் என்று கேட்டீர்கள். பதவி இறங்கியதும் சில நாட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நாட்களில் நாட்டு ஜனத்தில் யார் வேண்டுமானாலும், இந்த இரண்டு பேரும் செய்யக் கூடாததைச் செய்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்கு விசாரணை உண்டு. ஆல்பா அம்மாள் இறங்கியபோது அவர் மேலும் ஒரு மனு வந்ததாம். எழுதியவர் ரினால்தோதான் என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறார். வியாழக்கிழமை அவர் வருவதற்கு முன்னால் அந்தப் பழைய தாள்களைப் பூட்டி வைக்கச் சொல்கிறார்.

உங்கள் பத்திரத்தை ஐந்து தடவை வாசித்தேன். மூன்றாம் வரியில், காலஞ்சென்ற சூசைமாணிக்கத்தின் ஒரே வாரிசான இஸ்ரவேல் என்று இருக்கிறது. ஏழாம் வரியில், மேற்படியாரின் மகளாகிய ஸ்டெல்லாமேரி தன் பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறாள் என்று இருக்கிறது. நீங்கள் ஒரே வாரிசு என்றால் நான் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? எனக்குப் பங்கு இருக்கிறது என்றால் நீங்கள் ஒரே வாரிசு ஆனது எப்படி?

பட்டாவை இப்போது எந்த நாட்டில் இருந்தும் இணையத்தில் பார்க்கலாம். சர்வே எண் எனக்கு மனப்பாடம். பார்த்தேன். அப்பா பெயர் போய், போன வருஷம் ஜனவரியிலிருந்து உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. அப்பா இறந்து ஐந்தே மாதத்தில்.

எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

ஸ்டெல்லாமேரி

*

நாகலாபுரம்
02.06.2025

ஸ்டெல்லாமேரிக்கு,

அண்ணன் பெயரில் பட்டா இருக்கிறதா என்று இணையத்தில் துப்புப் பார்க்கிறவளுக்கு, அப்பா இறந்தபோது ஒரு விமானம் கிடைக்கவில்லை.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். வாரிசுச் சான்று வாங்கப் போனபோது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். "ஒரு தங்கச்சி இருந்தா, மடத்துக்குப் போயிட்டா, அவளுக்குச் சொத்து கிடையாது" என்றேன். அது உண்மைதானே? மடத்துக்குப் போனவள் உலகத்தையே விட்டவள். ஏழையாக இருப்பேன் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுத்தவள். அன்றைக்குச் சாமியார், ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் அப்பா உன்னை ஆண்டவருக்குக் கொடுத்தார். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற பழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. என் பெயரை மட்டும் எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி வக்கீல்தான் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி உன் பெயரைத் தோண்டி எடுத்துவிட்டார்.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா? பொய்ச் சான்று வாங்கினேன் என்று என் மேல் வழக்கு வரும். உன் அண்ணன் விளாத்திகுளம் கோர்ட்டில் கை கட்டி நிற்பதைப் பார்க்க ஆசையா?

அந்தக் கேப்டன் கதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். என்னைக் குத்திக் காட்டத்தான். நீ இன்னும் மடத்துச் சகோதரிதானா? ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

இஸ்ரவேல்

*

சான் மரினோ
30.06.2025

அண்ணனுக்கு,

இல்லை.

2022 அக்டோபரில் மடத்தை விட்டு வந்தேன். யாரோடும் ஓடவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. நித்திய வார்த்தைப்பாட்டுக்குத் தயாராகச் சொன்னார்கள். சாகும்வரை இதுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யாகச் சொல்லிவிட்டு உள்ளே இருப்பதைவிட வெளியே வருவது மேல் என்று தோன்றியது. முதியோர் இல்லத்தில் செய்த வேலை தெரியும், அதனால் இந்த மலைக்கு வந்தேன். அப்பா இறந்தபோது புதிய வேலைக்கான அனுமதிச் சீட்டு கைக்கு வரவில்லை. அப்போது வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அதைச் சொன்னால் மடத்தை விட்டது தெரிந்துவிடும் என்று விமானம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பொய் என்னுடையது.

முக்காடு இல்லாத தலையை அப்பாவுக்குக் காட்டப் பயந்துதான் வீடியோவில் வருவதை நிறுத்தினேன். போனில் சொல்லலாம் என்றால் அவருக்குக் காது கேட்காது. அதனால் ஒரே வழிதான் இருந்தது. நான் வெளியேறியதும், எங்கள் துறவறச் சபையின் மதுரை மடத்திலிருந்து தலைமைச் சகோதரி அப்பாவுக்குத் தமிழில் விவரமாகக் கடிதம் எழுதினார். நான் என்ன எழுதச் சொன்னேனோ அதையும் சேர்த்து எழுதினார். என்னை மன்னிக்க வேண்டும், ஒரு வார்த்தை பதில் போட வேண்டும், வீட்டுக்கு வரலாமா என்று சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

பத்து மாதம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. உங்களுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்றீர்கள். பிறகு அப்பா போய்விட்டார். என் மேல் கோபத்தோடுதான் போனார் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் நினைக்கிறேன் அண்ணே.

நிலத்துக்கு ஆசைப்பட்டு நான் மல்லுக்கு நிற்கவில்லை. ஆல்பா அம்மாள் போய்விட்டால் என் அனுமதிச் சீட்டும் போய்விடும். மடத்துக்கும் திரும்ப முடியாது. எனக்கு என்று வந்து நிற்க ஒரு இடம், என் பெயரில், யாரும் போ என்று சொல்ல முடியாத இடம் வேண்டும். அதற்குத்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறேன்.

இந்த நாட்டு வழக்கப்படி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை, காது மந்தம். மூன்று வருஷம் உலகத்தில் நடந்ததெல்லாம் உங்கள் வாய் வழியாகத்தான் அவருக்குப் போனது. அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்ததா? வாசித்துக் காட்டினீர்களா? கேட்டுவிட்டு அப்பா என்ன சொன்னார்?

ஸ்டெல்லாமேரி

*

சான் மரினோ
09.10.2025

அண்ணனுக்கு,

நூறு நாள் ஆகிவிட்டது. உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தொலையவில்லை என்று எனக்குத் தெரியும், ஆகஸ்டில் மதினி ஆஸ்லினின் மார்க்கைப் பற்றி ஒரு செய்தி அனுப்பினார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கடிதம் வந்ததா என்று கேட்டபிறகு அதுவும் நின்றுவிட்டது.

செப்டம்பர் 19-ஆம் தேதி ஆல்பா அம்மாள் இறந்துவிட்டார். கடைசி வாரம் மாத்திரை நோட்டில் அவர் கை ஓடவில்லை. பேனாவை அவர் விரலில் வைத்து நானே பிடித்து எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் வாரிசுச் சான்று வாங்கிய கதை ஞாபகம் வந்தது. எழுதவில்லை. அவர் கையெழுத்துப் போடுகிற இடத்தை அப்படியே காலியாக விட்டேன்.

அடக்கத்துக்கு ரினால்தோ வந்திருந்தார். "நீங்கள் அம்மாளை நம்பினீர்களா?" என்று கேட்டேன். "ஒரு நாளும் இல்லை. அவளும் என்னை நம்பவில்லை. அதனால்தான் அந்த ஆறு மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காக இருந்தோம்" என்று சொன்னவர், கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

ஒன்றாம் தேதி புதுக் கேப்டன்கள் ஏறிவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் அவர்களிடம் மனுக் கொடுக்கிற நாள். நம் ஊர் திங்கட்கிழமை மனு நாள் மாதிரிதான். வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இந்த நாட்டுக்காரி இல்லை, எனக்கு அந்த வரிசையில் இடமில்லை.

என் சீட்டு டிசம்பர் கடைசிவரைதான். அதற்குப் பிறகு எங்கே போவேன் என்று தெரியாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மோசமான பதிலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஸ்டெல்லாமேரி

*

நாகலாபுரம்
14.11.2025

ஸ்டெல்லாவுக்கு,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். முத்துசெல்வி எடை போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, தங்கச்சிக்குக் கதைப் புஸ்தகமா அனுப்புதீய?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கடிதம் வந்தது. 2022 நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம். நான்தான் வாங்கினேன், நான்தான் பிரித்தேன். முதலில் நான் தனியாக வாசித்தேன். பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள் சத்தமாக வாசித்தேன்.

தாளில் இருந்ததை வாசிக்கவில்லை. மகள் சுகமாக இருக்கிறாள், மடத்தில் நல்ல பெயர், உங்களுக்காக ஜெபிக்கிறாள் என்று நானாகச் சொன்னேன்.

அப்பா, "அம்புட்டுதானா? ரெண்டு தாள் இருக்கு, அம்புட்டுதானா எழுதியிருக்கு?" என்று கேட்டார். தாளை என் கையிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்தார். "இன்னொருக்க படிலே" என்றார். மறுபடி சொன்னேன். "மொதல்ல படிச்சப்போ ஜெபிக்கான்னு கடைசில சொன்ன. இப்ப மொதல்லயே சொல்லுத" என்றார். தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டார். அதற்கப்புறம் பத்து மாதத்தில், "ஸ்டெல்லாட்டருந்து ஏதும் வந்துச்சா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் என் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து கேட்பார், பார்வை தெரியாதவர்.

ஆகவே உன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட அவருக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ மறைக்கிறேன் என்பது மட்டும் தெரியும்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்பாய். என் மகளை ஆண்டவருக்குக் கொடுத்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்த மனுஷன், தாங்க மாட்டார் என்று நினைத்தேன். இது பாதி உண்மை. நீ திரும்பி வந்தால் நிலம் இரண்டாகும் என்று அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே நினைத்தேன். இது மற்ற பாதி. எது பெரிய பாதி என்று எனக்கே தெரியவில்லை. மடத்துக்காரிக்குச் சொத்து கிடையாது என்று நான் சத்தியம் பண்ணின அன்றைக்கு நீ மடத்தில் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் சேசு மரி சூசை எங்கே, முக்காடு எங்கே என்று உன்னைக் குடைந்தேன். நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நீ பட்டாவைப் பார்த்துவிட்டு, அது எப்படி மாறியது என்று நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாய். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

உன் கேள்வி வந்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரூபி பிடித்து உலுக்கிக் கேட்டாள். சொன்னேன். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "எனக்குச் சொன்னா முடிஞ்சு போச்சா? எங்கன பொய் சொன்னீகளோ அங்கன போய்ச் சொல்லுங்க" என்றாள்.

நவம்பர் 3, திங்கட்கிழமை தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனேன். வாசலில் போலீஸ் என் பையைத் தடவி மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிற யோகலட்சுமி என்கிற பெண் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, "யார் மேல அண்ணாச்சி மனு?" என்று கேட்டாள்.

"இஸ்ரவேல், தகப்பன் பேரு சூசைமாணிக்கம், நாகலாபுரம்."

"சரி. மனுக் குடுக்கது யாரு?"

"அவந்தான்."

அவள் பேனாவை மூடிவிட்டாள். "வெள்ளனவே ஊத்திட்டு வந்திருக்கீயளோ?" என்றாள். நான் வாயை ஊதிக் காட்டினேன். பிறகுதான் எழுதினாள். எழுதி முடிக்கிறபோது அவள் சிரிக்கவில்லை.

உள்ளே இருந்த அதிகாரியும் இரண்டு தடவை வாசித்தார். "யார் மெரட்டி இதைக் கொடுக்கீங்க?" என்று கேட்டார். ஒருவரும் மிரட்டவில்லை என்றேன். நம்பவில்லை, ஆனால் எண் போட்டுவிட்டார். இப்போது விளாத்திகுளம் தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜனவரி 8, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு விசாரணை. விடுபட்ட வாரிசு நேரில் வர வேண்டுமாம். நோட்டீஸை இதோடு வைத்திருக்கிறேன். நான் கூப்பிட்டால் நீ நம்ப மாட்டாய். கூப்பிடுவது நான் இல்லை, அரசாங்கம்.

வழக்குப் போட்டால் போடட்டும். கம்பெனிக்காரன் வேலியைச் சுற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். நாலு ஏக்கரிலும் உளுந்தும் கம்பும் விதைத்திருக்கிறேன், ஐப்பசி மழை நன்றாக இருந்தது. வடக்குப் பக்கம் இரண்டு ஏக்கர் உனக்கு. வேண்டாம், தெற்குதான் வேண்டும் என்றால் தெற்கை எடுத்துக்கொள்.

அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்கத் தைரியம் வரவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது.

இஸ்ரவேல்

*

சான் மரினோ
02.12.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் அதைத் தரையில் எறிந்தேன். பிறகு எடுத்து மறுபடி வாசித்தேன். மூன்று நாள் இப்படியே போனது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கு என்னால் எழுத முடியாது. பொய்யாக எழுதவும் விருப்பமில்லை.

நோட்டீஸில் இருந்த எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தேன். மனு உண்மைதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தங்கை அப்படித்தான்.

ஜனவரி 3-ஆம் தேதி மதுரைக்கு வருகிறேன். விமான நிலையத்துக்கு மதினி வரட்டும். விசாரணையில் நான் பொய் சொல்ல மாட்டேன், உங்களைக் காப்பாற்றவும் மாட்டேன். ஆனால் நீங்களாக வந்து சொன்னீர்கள் என்பதையும் சொல்வேன். வடக்கு இரண்டு ஏக்கர் போதும்.

எட்டாம் தேதிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பீரோவிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வையுங்கள். கல்லறைக்குப் போய் அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, அவருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக. நீங்களும் கூட வாருங்கள். நான் எதையாவது விட்டுவிட்டு வாசிக்கிறேனா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லாமேரி